மாங்காய் ஊறுகாயில் சோடியம் பென்சோயேட்: பத்து கிலோவுக்கு எவ்வளவு?

தக்கலைக்காரி:
குழுவாக மாங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறோம், ஒரு தடவைக்குப் பத்து கிலோ. கெடாமல் இருக்கப் போடும் சோடியம் பென்சோயேட் பொடி ஒரு டீஸ்பூன், தாளித்த நல்லெண்ணெயில் கலக்கி ஊற்றுகிறோம். அப்படியும் ஆனி மழையில் மூன்றாம் வாரமே மேலே வெள்ளைப் பூஞ்சை. அளவு பத்தவில்லையா? கூட்டினால் உடம்புக்குக் கெடுதலா? இதையே நெல்லிக்காய்க்கும் சூரை மீன் ஊறுகாய்க்கும் போடலாமா?

சின்னத்தராசு:
அக்கா, அளவைவிடப் போட்ட இடம்தான் தப்பு. பென்சோயேட் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. தாளித்த எண்ணெய் ஆறியதும் சட்டியைச் சாய்த்துப் பாருங்கள், அடியில் வெள்ளைக் குருணையாகக் கிடக்கும். ஒரு பாட்டிலுக்கு மொத்தமும் போகும், அடுத்ததற்கு ஒன்றுமே போகாது.

ஊறுகாய்க்குச் சட்டம் விடும் வரம்பு கிலோவுக்கு 250 மில்லிகிராம், அதுவும் பென்சாயிக் அமிலக் கணக்கில். சோடியம் உப்பாக நிறுத்தால் ஏறக்குறைய 295. பத்து கிலோவுக்கு 2.95 கிராம் வரும்; கொஞ்சம் கீழே, 2.5 கிராமில் நின்றுகொள்ளுங்கள். டீஸ்பூனைத் தூரப் போடுங்கள். பொடியும் குருணையும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். கொதித்து ஆறிய 30 மில்லி தண்ணீரில் கரைத்து, மசாலா பிரட்டிய மாங்காயில் சுற்றிலும் தெளித்துக் கிளறுங்கள். எண்ணெய் அதற்குப் பிறகு.

கெடுதலா என்று கேட்டால்: 15 கிராம் ஊறுகாயில் வரம்பு முழுக்க இருந்தாலும் 3.75 மில்லிகிராம்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் கண்டிப்பான கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 300. சிலருக்கு மட்டும் தடிப்பு, இளைப்பு கூடலாம். அதனால் லேபிளில் ஐஎன்எஸ் 211 என்று, அதாவது சோடியம் பென்சோயேட்டின் சேர்க்கை எண்ணை, போட்டே ஆக வேண்டும்.

பரணிமூடி:
தராசு சரி, ஆனால் புளிப்பைப் பார்க்காமல் அளவு பேசிப் பயனில்லை. பூஞ்சையைத் தடுப்பது நாம் போடும் சோடியம் உப்பு அல்ல, அது புளிப்பில் மாறி வரும் பென்சாயிக் அமிலம். புளிப்பைக் காட்டும் எண் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். பிஎச் 3.2 என்றால் பத்தில் ஒன்பது பங்கு வேலைக்கு வரும், 4.2 என்றால் பாதி, 5.2 என்றால் பத்தில் ஒன்றுகூட இல்லை. சீசன் முடிவில் செங்காய் கலந்து வரும். அது இனிப்பு ஏறின காய், புளிப்பு இறங்கியிருக்கும். பொடி அதேதான், பலன் வேறு.

பிஎச் தாள் வாங்கி ஏமாறாதீர்கள், மிளகாய்ச் சிவப்பில் நிறம் தெரியாது. மீட்டர் வேண்டும். பிஎச் 4, 7 என்று அளவு தெரிந்த கரைசல்களில் மீட்டரைச் சரிபார்த்துக்கொண்டு, எண்ணெய்க்கு அடியிலிருந்து துண்டு எடுத்து எண்ணெயை ஒற்றி அரைத்து அளவு எடுங்கள். 4க்கு மேல் காட்டினால் வினிகர் சேர்த்து, மறுநாள் திரும்பப் பாருங்கள். துண்டுக்குள் புளிப்பு இறங்க நேரமாகும்.

மேலே துண்டு துருத்தி நின்றாலும் பூஞ்சை வரும். துண்டுக்கு மேல் அரை சென்டிமீட்டர் எண்ணெய் நிற்கட்டும். நம்மூர் மழைக்காலத்தில் கழுவிய பாட்டிலை வெயிலை நம்பி வைக்காமல் அடுப்புச் சூட்டில் உலர்த்துங்கள்.

நெல்லிக்காய்க்கு இது வேண்டாம். வைட்டமின் சி-யும் பென்சோயேட்டும் சேர்ந்து சூடு, வெளிச்சம் பட்டால் புற்றுநோய் தரக்கூடிய பென்சீன் துளி உண்டாகலாம். குளிர்பானங்களில் அப்படி அகப்பட்டதுண்டு. உப்பு, வினிகர், எண்ணெய் போதும்.

மீன் வேறு விவகாரம். புளிப்பு குறைந்த சூரை எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடந்தால் உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் போட்டுலிசம் கிருமி வளரலாம். வறுத்தாலும் அதன் வித்து சாகாது, பென்சோயேட்டும் அதற்குக் காவல் அல்ல. வினிகரால் மீன் துண்டின் உள்ளேயே பிஎச் 4.6க்குக் கீழே கொண்டுவர முடியவில்லை என்றால் விற்பனைக்குப் போடாதீர்கள்.

தக்கலைக்காரி:
பூஞ்சை வந்த பாட்டிலில் மேலே வழித்துவிட்டு, திரும்பத் தாளித்தால்?

பரணிமூடி:
கொட்டிவிடுங்கள் அக்கா. பூஞ்சை புளிப்பைத் தின்றுதான் வளர்கிறது. மேலே வழித்தாலும் அடியில் பிஎச் ஏறியிருக்கும்.