மகளைப் படையில் சேர்க்குமுன்: டெல்டா உறுப்பினர்களின் அனுபவங்கள்

மன்னார்குடி, அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகும் பெண்ணின் தந்தை:

என் மகள் ராணுவ போலீஸ் பிரிவில் அக்னிவீராகச் சேர்வதற்காகத் தினமும் விடியற்காலையில் ஓட்டப் பயிற்சி எடுக்கிறாள். பெண்பிள்ளையை அங்கே அனுப்பலாமா என்று உறவினர்கள் ஆரம்பித்தால், அவள் எப்படி அடக்கமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதில்தான் பேச்சு முடிகிறது. படையில் வேலையிடம் எப்படி அமைந்திருக்கிறது, பாலியல் தொல்லை எங்கே வளர்கிறது, எங்கே அடங்குகிறது என்பதைப் பணியாற்றியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற ராணுவச் செவிலிய அதிகாரி:

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள், ஐயா. நான் பணிபுரிந்த இரண்டு மருத்துவமனைகளை மட்டும் ஒப்பிட்டுச் சொல்கிறேன். முதலாவதில், காலைத் தேநீர் வேளையில் பொறுப்பு அதிகாரி பெண் ஊழியர்களின் உடலைப் பற்றி ஏதாவது கிண்டல் செய்வார்; சுற்றியிருப்பவர்களில் சிலர் ரசித்தும் சிலர் பயந்தும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அதே வார்த்தைகள் வார்டு உதவியாளர்களின் வாயிலும் வந்தன. பிறகு தோளில் கை விழுந்தது. அதன் பிறகு இரவில் ஓய்வறைக் கதவு தட்டப்பட்டது. அந்தக் கதவின் உட்புறத் தாழ்ப்பாள் உடைந்து கிடந்ததால், புதிதாக வந்த லெப்டினன்ட் பெண் ஒரு இரும்பு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணயர்வாள். தாழ்ப்பாளைச் சரிசெய்யக் கேட்ட காகிதம் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்க, அவள் முறையிட்டது தெரிந்ததும் டியூட்டி பட்டியல் எழுதுபவர் அவளுக்கே தொடர்ந்து இரவுப் பணியைப் போட்டார்.

இரண்டாவது மருத்துவமனை இன்னும் ஒதுக்குப்புறமானது. பெண்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தோம். ஆனால் அங்கே ஒருவர் அதே வகைக் கிண்டலைத் தொடங்கியபோது, கமாண்டிங் அதிகாரி கூட்டத்தை நிறுத்தி, சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவரால் சொல்ல முடியவில்லை. அந்த அதிகாரி மாதந்தோறும் பெண் மருத்துவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு எங்கள் குடியிருப்பின் தாழ்ப்பாளையும் தாழ்வார விளக்கையும் தாமே பார்த்துச் செல்வார். சட்டமும் சீருடையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2014-இல் அமெரிக்கப் படைகளில் நடத்திய பெரிய ஆய்வில், விமானப்படையில் இருந்த பெண்களுக்குப் பாலியல் வன்முறை ஆபத்து மற்றப் படைகளைவிடக் குறைவாக இருந்தது. வயது, பதவி போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் அந்த இடைவெளி மறையவில்லை. பெண்ணின் நடத்தைதான் காரணம் என்பவர்கள், படைக்குப் படை அந்த நடத்தை எப்படி மாறியது என்றும் சொல்ல வேண்டும்.

ஒரத்தநாடு, ஓய்வுபெற்ற சுபேதார்:

மேடம் சொன்னது அத்தனையும் உண்மை. அதிகாரம் ஒரே கையில் சேர்வதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். சம்பா அறுவடைக்கோ, அக்காள் மகளின் காதுகுத்துக்கோ ஊருக்குப் போக லீவு கேட்டு நின்ற யாருக்கும் இது புரியும். லீவை அனுமதிப்பவர், ஏ.சி.ஆர். என்ற ஆண்டு ரகசிய அறிக்கையை எழுதுபவர், படிப்புக்கும் பதவி உயர்வுக்கும் பெயர் அனுப்புபவர், புகாரை வாங்குபவர் ஆகிய எல்லோரும் ஒரே சங்கிலியில் இருக்கிறார்கள். சாதாரண அலுவலகத்தில் தொல்லை கொடுப்பவனிடமிருந்து மாலை ஆறு மணிக்காவது வீட்டுக்குப் போய்விடலாம். பாரக்கில் அவனும் அதே வளாகத்தில்தான் படுத்திருக்கிறான்.

1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, எந்த அதிகாரியின் மீது புகாரோ அவரைத் தாண்டி அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் செல்ல வழி தருகிறது. ஆனால் அப்படித் தாண்டிப் போனவனைப் ‘பல்டன் (படைப்பிரிவு) பேரைக் கெடுத்தவன்’ என்று குடியிருப்பு லைன் முழுக்கப் பேசுவார்கள், அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. அமெரிக்காவில் ஃபோர்ட் ஹுட் தளத்தில் 2020-இல் ஓர் இளம் பெண் வீரர் கொல்லப்பட்ட பிறகு நடந்த விசாரணை, பாலியல் தொல்லைக்கு இடம்கொடுக்கும் சூழலையே அங்குள்ள தலைமை வளரவிட்டிருந்தது என்று சொன்னது. பல அதிகாரிகள் பதவி இழந்தார்கள். பாலியல் வன்முறை வழக்கைத் தொடுப்பதா இல்லையா என்ற முடிவு 2023 டிசம்பர் இறுதியில் அங்கே கமாண்டர்களின் கையிலிருந்து தனி வழக்கறிஞர் பிரிவுக்குப் போனது. கட்டளைச் சங்கிலி தளர்ந்துவிடும் என்று அங்கும் எதிர்ப்பு இருந்தது. நானும் சங்கிலியை நம்பி வேலை பார்த்தவன்தான். ஆனால் புகாருக்கு உள்ளானவரோடு ஒரே மேசையில் சாப்பிடும் ஒருவர் அந்தப் புகாரை எடை போடக் கூடாது என்பதே என் கருத்து.

பட்டுக்கோட்டை, முன்னாள் சிப்பாய்:

ஆண்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். பயிற்சி மையத்தில் புதியவர்களை ‘உறுதியாக்குகிறோம்’ என்ற பெயரில் மூத்தவர்கள் இரவில் செய்தவற்றை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதை விளையாட்டு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மேடம் குறிப்பிட்ட அதே 2014 ஆய்வில், ஓராண்டில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் சுமார் 20,300 பேர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 10,600 பேர் ஆண்கள் என்றும் மதிப்பிட்டார்கள். படையில் ஆண்கள் மிக அதிகம் என்பதால் எண்ணிக்கை அப்படி வருகிறது. விகிதத்தில் பெண்களுக்குத்தான் ஆபத்து பல மடங்கு. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மட்டுமே உரியது. பயிற்சி பெறும் ஆணுக்கு ராணுவச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு இருக்கிறது. இழிவான, ஆபாசமான நடத்தைக்கு அதில் ஏழாண்டு வரை சிறை உண்டு. அதைப் பயிற்சி மையத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

மன்னார்குடி:

மனம் விட்டு எழுதியதற்கு நன்றி, தம்பி. மேடம், என் மகள் சேர்ந்தவுடன் எதையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

கும்பகோணம்:

பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் தலைவர் யார், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை முதல் வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அந்த அலுவலகத்தில் மூத்த பெண் இல்லையென்றால் வேறு அலுவலகத்திலிருந்து அமர்த்துவார்கள். புகாரை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். விசாரணை நடக்கும்போது, கேட்டால் இடமாற்றமோ மூன்று மாதம் வரை லீவோ பரிந்துரைக்கலாம். அந்த இடமாற்றம் புகார் கொடுத்தவளுக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம், எதிர்த்தரப்பையும் மாற்றலாம். சுபேதார் ஐயா சொன்ன ஏ.சி.ஆர். பயத்துக்கும் விதிகளில் ஒரு வழி உண்டு: புகாருக்கு உள்ளானவர் அவளுடைய ரகசிய அறிக்கையை எழுதாதபடி தடுத்து, அந்த வேலையை வேறொரு அதிகாரியிடம் ஒப்படைக்கக் குழு பரிந்துரைக்கலாம். கேட்காமல் இதை யாரும் செய்து தர மாட்டார்கள். ஆகவே புகாரிலேயே அந்த வரியையும் எழுதி, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.