புதுப்பிப்பு: ரிமோட் டெஸ்க்டாப் உறைந்துபோனதன் காரணம் கிடைத்துவிட்டது

விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் மறையாக்கப்பட்ட இணைப்பு) வழியாக ரிமோட் டெஸ்க்டாப்புக்கு (தொலைவிலுள்ள கணினியின் திரையை இங்கிருந்தே இயக்குவது) வருபவர்களில் சிலருக்கு மட்டும் லாகின் ஒழுங்காக ஆகி, பெரிய விரிதாளைத் திறந்ததும் திரை உறைகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சர்வர் மேல் தப்பில்லை. சிக்கல் பாக்கெட் (நெட்வொர்க்கில் தரவு போகும் சிறு துண்டு) அளவில்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ இணைப்பில் (சில இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புக்குப் பயன்படுத்தும் முறை) அதன் தலைப்புக்கே 8 பைட் போய்விடும், மிச்சம் 1492. எங்கள் டனல், அதாவது விபிஎன் போடும் பாதை, 1500-ஐ நம்பி அமைக்கப்பட்டிருந்தது. லாகின் நேரத்துச் சின்னப் பாக்கெட்டுகள் தாண்டிவிடும். திரை முழுக்க மாறும்போது வரும் பெரியவை வழியிலேயே காணாமல் போகும். “பெரிதாக இருக்கிறது, சுருக்கு” என்று அனுப்புபவருக்குச் சொல்ல வேண்டிய ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைத் தெரிவிக்கும் நெறிமுறை) செய்தியையும் நடுவிலிருந்த ஃபயர்வால் விழுங்கியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் அடைப்பது கெட்ட பழக்கம், தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

இதைச் சரிபார்ப்பது சுலபம். பாதிக்கப்பட்டவரின் கணினியிலிருந்து, விபிஎன்னைத் துண்டித்துவிட்டு, கேட்வேக்கு (அலுவலக நெட்வொர்க்கின் நுழைவாயில்), பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது என்ற தெரிவோடு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். எங்களுக்கு 1472 பைட்டுக்குப் பதில் இல்லை, 1464-க்கு வந்தது. இரண்டோடும் தலைப்பு 28 பைட்டைக் கூட்டினால் 1500, 1492. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

டனலின் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1400 ஆக்கி, அந்த ஐசிஎம்பி வகையையும் அனுமதித்தோம். அதற்குப் பிறகு யாருக்கும் உறையவில்லை.

ரிமோட் டெஸ்க்டாப் டிசிபி, யூடிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும் போகும். உறைவதைத் தீர்க்க யூடிபியை அணைக்கச் சொன்ன நண்பருக்கு: எங்கள் கேட்வேயில் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் 3389 டிசிபிக்கு மட்டும்தான் திறப்பு, அதனால் அது இங்கே பொருந்தாது.