பழைய ஹார்ட் டிஸ்கில் அப்பாவின் கோப்புறை திறக்க மறுக்கிறது

கேள்வி

வணக்கம். விண்டோஸ் 7 இருந்த எங்கள் வீட்டுக் கணினியின் மதர்போர்டு பழுதாகிவிட்டதால், அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் யூஎஸ்பி வழியாக இணைத்திருக்கிறேன். மற்றவை எல்லாம் திறக்கின்றன. மறைந்த என் தந்தையார் எடுத்த படங்கள் உள்ள, 'யூசர்ஸ்' என்பதற்குள் அவர் பெயரில் இருக்கும் கோப்புறை மட்டும் அனுமதி இல்லை என்கிறது. 'கன்டினியூ' பொத்தானை அழுத்தினால், 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போகச் சொல்லி நின்றுவிடுகிறது. அதே பெயரிலும் அதே கடவுச்சொல்லிலும் புதிய கணக்கு உருவாக்கியும் பார்த்துவிட்டேன். படங்களுக்குச் சேதம் வராமல் எப்படித் திறப்பது?

முதல் மறுமொழி

படங்கள் பத்திரமாகவே இருக்கின்றன, கவலை வேண்டாம். கோப்புறை யாருக்கு உரியது என்பதை விண்டோஸ் பெயரைக்கொண்டு குறித்து வைப்பதில்லை. கணக்கு உருவாகும்போது அதற்கென வழங்கப்படும், எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீண்ட அடையாள எண்ணைக்கொண்டே குறித்து வைக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருந்தாலும் புதிய கணக்கின் எண் வேறு என்பதால்தான் உங்கள் முயற்சி பலிக்கவில்லை.

நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் நுழைந்து, கோப்புறையை வலச் சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' என்று வரிசையாகச் செல்லுங்கள். 'ஓனர்' என்பதன் அருகிலுள்ள 'சேஞ்ச்' வழியாக உங்கள் கணக்கின் பெயரைக் கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் உரிமையாளரை மாற்றும் கட்டத்தில் குறியிட்டு, 'ஓகே' கொடுங்கள். இதன்பின் திறந்திருக்கும் ப்ராப்பர்ட்டீஸ் சாளரங்கள் அனைத்தையும் மூடிவிட்டு மீண்டும் திறந்தால்தான் அனுமதிகளை மாற்ற முடியும்; பலர் இந்த இடத்தில்தான் வழி தவறிவிடுகிறார்கள். மறுபடி 'அட்வான்ஸ்டு' சென்று, 'ஆட்' வழியாக உங்கள் கணக்குக்கு 'ஃபுல் கண்ட்ரோல்' கொடுத்தால் போதும்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்ன முறை சரியானதுதான். எனினும், திரும்பக் கிடைக்காத படங்கள் என்பதால், டிஸ்கில் எதையும் மாற்றாத வழியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். உபுண்டு போன்ற லினக்ஸை (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) ஒரு பென் டிரைவிலிருந்து, நிறுவாமலேயே இயக்கி, இந்த டிஸ்கைத் திறந்தால், விண்டோஸ் விதித்த அனுமதிகளை அது பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. படங்களை வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்துக்கொண்ட பிறகு மற்றதைச் செய்யலாம்.

எந்த முறையானாலும், உரிமையாளரை மாற்றுவது அந்த ஒரு கோப்புறையோடு நிற்கட்டும். நான் ஒருமுறை அவசரத்தில், இயங்கிக்கொண்டிருந்த என் கணினியின் சி டிரைவ் முழுவதற்கும் அனுமதிகளை மாற்றிவிட்டு, விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று.

கோப்புகளின் பெயர்கள் பச்சை நிறத்திலோ பூட்டுக் குறியுடனோ தெரிந்தால் அவை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டவை, அதாவது உரிய திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டவை. உரிமையாளரை மாற்றினாலும் திறக்காது, அந்தத் திறவுகோல் அடங்கிய, பழைய கணக்கின் சான்றிதழ்க் கோப்பு தேவைப்படும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு பென் டிரைவில் உபுண்டுவை இயக்கிப் படங்கள் அனைத்தையும் நகலெடுத்துவிட்டு, இன்று காலை உரிமையாளரை மாற்றினேன். 'ஓனர்' என்ற இடத்தில் நீங்கள் சொன்ன அந்த நீண்ட எண்தான் இருந்தது. பூட்டுக் குறி எதிலும் இல்லை. முதலில் திறந்தது, வாசற்படியில் அம்மா கோலம் போட்டுக்கொண்டிருக்கும் படம்.