புதுப்பிப்பு: ஒற்றைச் சக்கர சைக்கிளில் மேடு ஏறுவது

மலைப்பாதை ஒற்றைச் சக்கர சைக்கிள் மேடு வந்தாலே பாதியில் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது ஏறுகிறது. 125 மி.மீ. கிராங்கை (பெடலைச் சக்கரத்தின் அச்சோடு இணைக்கும் தண்டு) கழற்றிவிட்டு 150 மி.மீ. போட்டேன். சமதளத்தில் வேகம் குறைந்தது, பரவாயில்லை. கியர் இல்லாத வண்டியில் கிராங்க் நீளம்தானே கை கொடுக்கும்!

ஆனால் பெரிய தொல்லை, பெடல்கள் மேலும் கீழுமாக நேராக நிற்கும் அந்த நொடிதான். அங்கே எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் சுற்றாது. அதற்குக் கொஞ்சம் முன்பே உடம்பை முன்னால் சாய்த்து, ஒரு கையால் சீட்டின் கைப்பிடியை மேலே இழுத்தால் கடந்துவிடலாம். டயரில் காற்றைக் குறைத்ததும் சரளையில் வழுக்குவதும் குறைந்தது.

அப்புறம், வேர்கள் நிறைந்த மேட்டில் மட்டும் இன்னும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.