மறு: கேனப்பிக்குத் தமிழ்ச்சொல் – 'திமில்' என் பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

கேனப்பிக்கு, அதாவது விமானத்தில் விமானி உட்காரும் இடத்தை மேலே மூடும் உறுப்புக்கு, இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: விதானம், கவிகை, விமானியறை மூடி, கண்ணாடிக் கூண்டு. ராமநாதபுரத்தில் எங்களோடு சேர்ந்து ரேடியோ சாகச விமான மாதிரி கட்டுகிற பையன்களிடம் நான்கையும் சொல்லிப் பார்த்தேன். முகத்துக்கு நேரே தலையாட்டினார்கள். வேலை செய்யும்போது மறுபடி "கேனப்பி"தான். நாம் தயாரிக்கும் கட்டுமானக் குறிப்பில் ஒரு சொல் அச்சாகிவிட்டால் அப்புறம் மாற்றுவது கடினம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> விதானம் அகராதியிலேயே இருக்கிறது. புதிதாக ஒன்று எதற்கு?

இருக்கிறது ஐயா. ஆனால் அது தலைக்கு மேலே கட்டுகிற துணி. சாமிக்கு மேலே, மணமேடைக்கு மேலே விரிப்பது. காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் மர உச்சிகளின் பரப்பையும் விதானம் என்கிறார்கள், அங்கே அது பொருத்தம்தான். கட்டிலுக்கும் காட்டுக்கும் பாராசூட்டுக்கும் விமானத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் நான்கையும் ஒரே சொல்லில் கட்ட வேண்டியதில்லை. நம் பொருள் என்ன, அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

மாதிரி விமானத்துக்குள் விமானி இல்லை. ஆசைக்கு ஒரு பொம்மையை உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே விமானியறை மூடி அடிபட்டுப் போகிறது. பெரிய விமானத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. நம் விமானத்தில் இந்த உறுப்பு முதலில் ஒரு வடிவம். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து ஓர் இறக்கை தரையையும் மறு இறக்கை வானத்தையும் பார்க்க ஓட்டும்போது, தூக்குவிசையைத் தருவது உடலின் பக்கப் பரப்புதான். கேனப்பி உயர்ந்தால் அந்தப் பரப்பும் கூடுகிறது. எஃப்3ஏ என்கிற சர்வதேச ரேடியோ சாகச விமானப் போட்டியில் நீளமும், இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரையான அகலமும் 2 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அங்கே பறக்கும் விமானங்களைப் பாருங்கள், அந்த எல்லைக்குள் உடலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தியிருப்பார்கள். கேனப்பி தனியாக உட்கார்ந்த குமிழாக இல்லாமல், முதுகோடு சேர்ந்து வால்வரை இறங்கும்.

பாட்டரி விமானத்தில் அதே உறுப்பு கதவாகவும் இருக்கிறது. முன்னால் ஒரு நாக்கு, பின்னால் காந்தமோ தாழ்ப்பாளோ. ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் கழற்றி, பாட்டரியை வைத்து, மூடுகிறோம்.

கண்ணாடிக் கூண்டு என்ற சொல் தடுக்கி விழும் இடம் மூலப்பொருள் தேர்வு. சாகச மாதிரிகளில் பாதிக்கு மேல் ஒளிபுகாத கேனப்பிகள்தான் நான் பார்த்தவை: கண்ணாடி இழையில் வார்த்து, கறுப்போ அடர்நீலமோ பூசியவை. இந்தக் கரையில் அதற்கு நல்ல காரணமும் உண்டு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியான வானம் வெளுத்துக் கிடக்கும். அந்த வெளுப்பில் விமானம் நிமிர்ந்திருக்கிறதா, தலைகீழா என்று ஒரு நொடி தடுமாறினால் போச்சு. இறக்கையின் நிறத்துக்கு எதிர்நிறத்தில் அடர்த்தியான கேனப்பி இருந்தால் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே பொம்மை தெரிகிற அழகைவிட அது பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒளிபுகும் வகைதான் வேண்டும் என்பவர்களுக்கு பெட்-ஜி என்கிற பிளாஸ்டிக் தகட்டைத்தான் நான் சொல்வேன். 80 பாகை செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும், மர அச்சின் மேல் வெற்றிடத்தால் இழுத்தால் சுலபமாகப் படியும். ஆனால் பூட்டிய காருக்குள் சித்திரை வெயிலில் நாள் முழுக்க விடக் கூடாது. பாலிகார்பனேட் 147 பாகை வாக்கில்தான் இளகும், அடிபட்டாலும் எளிதில் உடையாது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடுப்பில் உலர்த்தாமல் சூடாக்கி இழுத்தால் உள்ளே குமிழ்கள் கிளம்பிவிடும். மண்டபம், பாம்பன் பக்கத்து உப்புக் காற்றில் அந்த உலர்த்தலைத் தவிர்க்க முடியாது. அக்ரிலிக் தகடு பளிச்சென்று இருக்கும், தரையிறங்கும்போது ஒரு குட்டிக்கரணம் போட்டால் நொறுங்கும். சாகச விமானத்துக்கு அது வேண்டாம். செலவே இல்லாத வழியும் இருக்கிறது: 2 லிட்டர் குளிர்பான புட்டியை அச்சின் மேல் மாட்டி, சூடான காற்றைக் காட்டினால் சுருங்கி அப்படியே படிந்துகொள்ளும். சின்ன விமானத்துக்கு அது தாராளமாகப் போதும்.

இனி கவிகை. நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான், ஒப்புக்கொள்கிறேன். குடையையும் குறிக்கும் பழைய சொல், ஓசையும் அழகு. யாழ்ப்பாணத்து அக்கா அதிலிருந்து 'கவிப்பு' என்று சுருக்கியதும் இலக்கணப்படி சரி. ஆனால் இங்கே கடற்கரையில் கவிப்பு என்றால் காதில் விழுவது கவிழ்ப்பு. வள்ளம் கவிழ்ந்த வீடுகள் உள்ள ஊரில், பையன் அப்பாவிடம் "கவிப்பு செய்கிறேன்" என்று சொல்ல மாட்டான். சொல்லில் குற்றமில்லை, இந்தக் கரையில் ஒட்டாது.

என் பரிந்துரை: திமில்.

மாதிரி கட்டுகிறவர்கள் ஏற்கெனவே என்ன பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். மூக்கு, வால், வயிறு, முதுகு, இறக்கை, கால். விமானத்தை யாரும் கட்டடமாகவோ பெட்டியாகவோ பேசுவதில்லை, உடம்பாகத்தான் பேசுகிறார்கள். அந்த உடம்பில் கழுத்துக்குப் பின்னே எழும்பி, முதுகில் இறங்கிக் கரையும் மேடு காளைக்குத் திமில். ஜல்லிக்கட்டு நடக்கிற மண்ணில் அதை யாருக்கும் விளக்க வேண்டாம். ஒளிபுகுந்தாலும் புகாவிட்டாலும் அது திமில். ஒட்டியிருந்தாலும் கழன்றாலும் திமில். மூன்றெழுத்து, வரைபடத்தின் மூலையில்கூட அடங்கும்.

> பறவைக்கு ஏது திமில்?

தம்பி, பறவைக்கு மூக்கில் சுழலும் விசிறியும் கிடையாது. உறுப்புப் பெயர்கள் பல உயிர்களிடமிருந்து கலந்தே வந்திருக்கின்றன.

சங்கப் பாடல்களில் பரதவரின் மீன்பிடி படகுக்கும் திமில் என்று பேர், குழப்பம் வராதா என்று தஞ்சாவூர் அம்மா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அந்தப் பொருள் இன்று பேச்சில் இல்லை. தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கேட்டால் வள்ளம், வத்தை என்பார்கள், திமில் என்று படகைச் சொல்ல ஆளில்லை. அதனால் மோதல் வராது.

சொல் உழைக்கிறதா என்று பார்க்க, குறிப்பில் வர வேண்டிய ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

"திமிலை அச்சிலிருந்து எடுத்ததும் விளிம்பை வளைந்த கத்தரியால் வெட்டுக. ஒட்டுத் திமில் என்றால், ஒட்டும் பட்டையை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குக. சயனோஅக்ரிலேட் உடனடிப் பசை வேண்டாம், அதன் ஆவி படிந்து திமில் வெண்மூட்டமாகிவிடும். காய்ந்தபின் நிறமற்றுப் போகும் திமில் பசையை இட்டு, ஒட்டுநாடாவால் இறுக்கி, இரவு முழுக்க விடுக. திமில்மூடி (கழன்று வரும் வகை) என்றால், நிக்கல் பூசிய காந்தங்கள் கடற்காற்றில் உரிந்து துருப்பிடிக்கும். மேலே மெல்லிய எபாக்சி பூசுக. காற்று நுழையும் துளையைப் போல் இருமடங்கு பரப்பில் வெளியேறும் வழி விடுக. மூடிய திமிலுக்குள் வெயிலில் சூடு ஏறும், லித்தியம் பாட்டரி 60 பாகையைத் தாண்டக் கூடாது. பறந்து முடிந்ததும் திமிலில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் துடைக்காதீர், கீறல் விழும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவியபின் மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கவும்."

எனக்கு எங்கும் இடறவில்லை. இதே பத்தியில் திமில் உள்ள இடங்களில் விதானத்தை வைத்துப் படித்துப் பாருங்கள், பந்தல் வேலைக்கான குறிப்பாகிவிடும்.

சந்தி பற்றி ஒரு வார்த்தை. முறைப்படி திமிற்பசை, திமிற்சட்டம் என்று வர வேண்டும் என்பது தெரியும். ஆனால் அப்படி எழுதினால் படிப்பவருக்குத் 'திமிறு' ஞாபகம் வருகிறது, சொல்லும் மறைந்துபோகிறது. திமில் பசை, திமில் சட்டம் என்று பிரித்தே எழுதுவோம். கழன்று வருவதற்கு மட்டும் திமில்மூடி என்று சேர்த்து எழுதலாம். இலக்கணம் அறிந்தவர்கள் இந்தத் தளர்வை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வகைகளுக்கு: பி-51டி போர் விமானத்தில் வந்ததுபோல் எல்லாப் பக்கமும் பார்க்க உதவும் சட்டமில்லாத வடிவம் குமிழ்த் திமில். குறுக்குச் சட்டங்கள் தெரிகிற பழைய வடிவம் சட்டத் திமில். எக்ஸ்ட்ரா 300 மாதிரிகளில் வருகிற ஒரே துண்டான நீண்ட வடிவத்துக்கு நெடுந்திமில் என்று போட்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயம், சொல்லோடு சேராதது, ஆனாலும் குறிப்பில் இருக்க வேண்டும். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் கண்மாய் வறண்டு கிடக்கிறதே என்று எங்கும் பறக்கவிட முடியாது. 2021 டிரோன் விதிகளின்படி மாதிரி விமானமும் கண்பார்வைக்குள்தான் பறக்க வேண்டும். அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பார்த்துவிட்டே போகும்படி முதல் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. திமிலுக்குப் பின்னே வால்வரை சரியும் வளைந்த மேல்பகுதியை வெறும் முதுகு என்றால் போதுமா? பல எஃப்3ஏ விமானங்களில் அது திமில்மூடியோடு ஒரே துண்டாகக் கழன்றுவரும், அங்கே முதுகு என்பது உடலில் மிச்சமிருக்கும் பகுதியாகிவிடுகிறது. 'பின்திமில்' என்று யோசித்தேன், மனசுக்கு நிறையவில்லை. காளை வளர்க்கிறவர்கள் திமில் முதுகில் இறங்கும் அந்தச் சரிவுக்குத் தனியாக ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா? கமுதி, முதுகுளத்தூர் பக்கம் உறவு உள்ளவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். வரைபடத்தில் அந்தப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.