பொருள்: பஞ்சுத் தாளில் விழுந்த மடிப்பை எடுப்பதற்கு 'மடிப்பிளக்கல்'

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். க்வில்டில், அதாவது மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வையில், உள்ளே வைக்கிற பஞ்சுத் தாளில் (ஆங்கிலத்தில் 'பேட்டிங்') விழுந்த மடிப்பை எடுப்பதற்கு நம் சொற்பட்டியலில் என்ன சொல்லைப் பதிவது என்ற பேச்சுக்கு என் பதில் இது. உங்கள் கேள்விகளை மேற்கோளாக வைத்திருக்கிறேன்.

> 'சுருக்கம் நீக்கல்' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், அக்கா. ஆனால் வேறொன்றாகப் புரியும். துவைத்ததும் துணி சிறுப்பதையும் சுருக்கம் என்றுதான் சொல்கிறோம். பருத்திப் பஞ்சுத் தாள் முதல் துவைப்பில் பெரும்பாலும் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கும். அதற்காக முன்கூட்டியே நனைத்து உலர்த்துவது தனி வேலை. 'சுருக்கம் நீக்கல்' என்று படிக்கிறவர் தாளைத் தொட்டியில் முக்கிவிடுவார். நாம் பேசுவது, பொட்டலத்தில் மடித்துக் கிடந்ததால் விழுந்த கோட்டைப் பற்றி.

> தையல்காரர்கள் 'தேய்த்துவிடு' என்பார்கள். 'தேய்ப்பு' போதாதா?

இதைத்தான் நான் உறுதியாக மறுக்கிறேன், ஐயா. சொல்லைக் கேட்டதும் கை இஸ்திரிப் பெட்டிக்குப் போய்விடும். க்வில்டுக்குள் வைக்கிற தாள் பல சமயம் பாலியெஸ்டர். அது உருகுவது சுமார் 260 டிகிரி செல்சியஸில் என்றாலும், பருத்திக்கு வைக்கிற சூட்டிலேயே மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பளபளவென்று தகடாகிவிடும். பருத்தித் தாள் சூடு தாங்கும், ஆனால் அழுத்தினால் உப்பல் போய்விடும். உப்பலுக்காகத்தானே அதை உள்ளே வைக்கிறோம்?

மடிப்பு எப்படிப் போகிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். பருத்தி இழைகளை மடிந்த நிலையில் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டால் அவை விட்டுக்கொடுக்கும். விரித்த நிலையில் உலர்ந்தால் புதிதாகப் பிணையும். பாலியெஸ்டர் இழை 70-80 டிகிரியை ஒட்டி விறைப்பு விட்டு நெகிழும். இரண்டிலும் மடிப்பு இளகுகிறது. ஆகவே என் பரிந்துரை 'மடிப்பிளக்கல்'. வினையாகவும் நன்றாக ஓடும்: மடிப்பை இளக்கு, மடிப்பு இளகிவிட்டது.

நம் ஊர் மெத்தைக்காரர்களிடம் பழைய சொல் இருக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை என்றே நினைக்கிறேன். போடிப் பக்கமிருந்து வரும் இலவம் பஞ்சு உதிரியாக வரும், உதிரியாகவே உறைக்குள் திணிப்பார்கள். கட்டி தட்டிப்போனால் பிரித்து அடித்துவிடுவார்கள். தாளாக வராத பஞ்சில் மடிப்பு ஏது?

தாளுக்கே 'பனுவல்' என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. புறநானூறு 125-ஆம் பாட்டில் 'பருத்திப் பெண்டின் பனுவல்' என்று வருவது கொட்டிச் சீராக்கிய பஞ்சுதான். ஆனால் இன்று பனுவல் என்றால் புத்தகம், பிரதி. 'பனுவலின் மடிப்பை இளக்குக' என்று எழுதினால் இலக்கியக் கட்டுரை போல ஆகிவிடும். 'பேட்டிங்' என்று எழுதினாலோ கிரிக்கெட். 'பஞ்சுத் தாள்' போதும்.

செய்முறைக் குறிப்பும் பதிவில் சேர வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் உலர்த்தி இயந்திரத்தில் ஈரத்துணியோடு சில நிமிடம் சுற்றவிடச் சொல்கின்றன. மதுரையில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது? இங்கே கயிற்றுக் கட்டில் போதும், அடியிலும் காற்று போகும். தாளை விரித்து, இஸ்திரிக் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற தெளிப்பான் பாட்டிலால் மடிப்பின் மேல் மட்டும் பனி போலத் தெளித்து, உள்ளங்கையால் கோட்டுக்குக் குறுக்கே நீவிவிட்டு, ராத்திரி முழுக்க விட வேண்டும். நம் வறண்ட காற்றில் காலைக்குள் உலர்ந்துவிடும். மொட்டை மாடி வேண்டாம்; தூசி ஒட்டினால் போகாது. இழுத்து நீட்டவும் கூடாது, அந்த இடம் மெலிந்துவிடும்.

இதைச் செய்யாமல் தைத்தால் என்ன ஆகும் என்பது சுங்குடி மேல்துணியில் பளிச்சென்று தெரியும். துணி மெல்லியது, உள்ளே கிடக்கும் மடிப்பு, புள்ளிகளுக்கு நடுவே மேடாக ஓடும். மெஷின் பாதம் அந்த மேட்டைத் தள்ளிக்கொண்டே போய் அடித்துணியில் கொசுவம் போட்டுவிடும். அதைப் பிரிக்க ஒரு பொழுது போகும்.

பதிவுக்கு என் வரைவு:

மடிப்பிளக்கல் (பெயர்ச்சொல்): பொதிந்து வைத்ததால் பஞ்சுத் தாளில் பதிந்த மடிப்பை, அழுத்தாமல், ஈரத்தாலோ இளஞ்சூட்டாலோ தளரச் செய்தல்.

'அழுத்தாமல்' என்பதை யாரும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கம்பளித் தாளில் வேலை செய்தவர்கள் இருந்தால், அதற்கும் இந்த வரையறை பொருந்துகிறதா என்று எழுதுங்கள்.