கடப்புறத்து வீட்டுல ஏசி அஞ்சு வருசந்தானா?

முட்டத்துக்காரன்:
நேத்து ஒரு ஆளு இங்க எழுதியிருந்தாரு, கடப்புறத்துல எந்த ஏசி மாட்டுனாலும் அஞ்சு வருசம் தாண்டாது, தாண்டுச்சுன்னு சொல்றவன் பொய் சொல்றான்னு. அப்ப நான் பொய்யனா? முட்டத்துல எனக்க வீட்டு மாடியில ஏறி நின்னா கடலு தெரியும். 2011ல மாட்டுன ஒன்றரை டன்னு, இன்னைக்கும் ராத்திரி முழுக்க ஓடுது. மாசத்துல ரெண்டு தடவ வெளிய மாட்டியிருக்க பெட்டிய, அதான் அவுட்டோர, நல்லதண்ணி அடிச்சு கழுவுவேன், அவ்வளவுதான். காயில் ஒரு தடவ மாத்துனேன், கேஸ் ரெண்டு தடவ அடிச்சேன், ஃபேன் மோட்டார் ஒண்ணு போச்சு, வேற ஒரு செலவும் கெடையாது.

தக்கலை மெக்கானிக்:
அத எழுதுனது நான்தான். 22 வருசமா இதுதான் வேல, கொல்லங்கோட்டுல இருந்து மணக்குடி வர நான் ஏறாத மாடி இல்ல. அவுட்டோர் காயில்ல பைப்பு செம்பு, அதுல கோத்திருக்க மெல்லிசு தகடு, அதான் ஃபின்னு, அலுமினியம், ரெண்டுக்கும் நடுவுல உப்புக்காத்து ஈரம் போய் ஒட்டுனா அது பேட்டரி மாதிரி வேல செய்யும், அலுமினியம் மொதல்ல போவும், வெள்ளப்பொடியா உதிரும், மூணாவது வருசமே கைய வச்சா அப்பளம் மாதிரி நொறுங்குனத நான் பாத்திருக்கேன். ஃபின்னு போனா சூடு எறங்காது, பிரஷர் ஏறும், கம்ப்ரசர் கெடந்து முக்கும். அது கெடக்கட்டு. தம்பி கழுவுன தண்ணி எது? கெணத்துத் தண்ணியா பைப்புத் தண்ணியா?

முட்டத்துக்காரன்:
நல்லதண்ணின்னு எழுதியிருக்கேன், கண்ணு தெரியலியா?

கொல்லங்கோடு டீச்சர்:
ஒரு சந்தேகம். காயில், மோட்டார் எல்லாம் மாத்துன பெறவு அத 2011 ஏசின்னு எப்படி சொல்லுறது? அஞ்சு வருசமா பதினாலு வருசமான்னு சண்ட போடுறதுக்கு முன்ன, எதுவர ஓடுனா ‘தாங்குச்சு’ன்னு சொல்லுவீங்கன்னு முடிவு பண்ணுங்க. எனக்க வீட்டு இன்வெர்ட்டர் ஏசிக்கு காயில் நல்லாத்தான் இருந்துது, நாலாவது வருசம் அவுட்டோர்ல உள்ள எலக்ட்ரானிக் போர்டு ஈரத்துல பச்சப் பாசி புடிச்ச மாதிரி ஆயி போச்சு. அத எந்தக் கணக்குல வைக்க?

தக்கலை மெக்கானிக்:
டீச்சர், போர்டுக்கு பெறவு வாறேன். மொதல்ல அவரு தண்ணிக்குப் பதில் சொல்லட்டு. கடல்கிட்ட கெணறுன்னா சப்புனே தெரியும் உப்பு, அத வெயில்ல கெடக்க காயில்ல அடிச்சா தண்ணி காஞ்சு போவும், உப்பு அங்கயே நிக்கும். மாசம் ரெண்டு தடவ கழுவலிய, மாசம் ரெண்டு தடவ உப்பு பூசியிருக்கீரு. அதான் காயில் மாத்த வேண்டி வந்துது.

முட்டத்துக்காரன்:
கடலே இல்லாத தக்கலையில இருந்துட்டு கடப்புறத்துக்காரனுக்கு உப்பு படிச்சுக் குடுக்காரு! ஒக்கி புயல் அடிச்ச 2017 நவம்பர்ல மரம் எல்லாம் சாஞ்சு, கரண்டு இல்லாம நாளுக்கணக்கா கெடந்தோம், அன்னைக்கு கடலுத்தண்ணி பறந்து வந்து சொவருல அடிச்சுது, அதையும் தாங்குன ஏசி ஓய் இது.

மஸ்கட் மக்கா:
அண்ணே, நான் இங்க ஏசி மெயின்டனன்ஸ்லதான் இருக்கேன். கடலுக்கு எதுத்தாப்புல பில்டிங்கு, வருசம் முழுக்க ஓட்டம். கோட்டிங் போட்ட காயில் வாங்கணும், பெரும்பாலும் நீலக் கலர்ல இருக்கும், வெட்டுன ஓரத்துல கோட்டிங் உரியாம பாக்கணும். கழுவுறதுக்கு பைப்புத் தண்ணிதான், இங்க அது உப்பு நீக்குன தண்ணி.

தக்கலை மெக்கானிக்:
கேட்டீரா முட்டம்? உப்பு நீக்குன தண்ணி! நான் என்ன சொன்னேன்? ஆனா மக்கா, அந்த நீலக் கலர நம்பி எத்தன பேரு ஏமாந்தாச்சு, நம்ம ஊருல சர்வீஸுக்கு வாற பையன் பிரஷர் பம்ப வச்சு அடிக்கும்போ ஃபின்னு மடங்கி கோட்டிங்கும் போயிரும், தண்ணிய பையத்தான் விடணும். கெணத்துத் தண்ணி உப்பா இருந்தா இன்டோர்ல இருந்து வடியிற தண்ணிய பக்கெட்டுல புடிங்க, அது காத்துல இருந்து வந்த தண்ணி, உப்பு கிட்டத்தட்ட கெடையாது, நம்ம ஊரு புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில பக்கெட்டு நெறையும். அத சும்மா ஓடையில விட்டுட்டு உப்புக் கெணத்துல மோட்டார் போட்டு அடிக்காரு, இதுல பதினாலு வருசப் பெரும வேற!

முட்டத்துக்காரன்:
எனக்க கெணறு உப்புன்னு உமக்கு யாரு சொன்னா?

கொல்லங்கோடு டீச்சர்:
அப்ப கெணத்துத் தண்ணிதானா?

முட்டத்துக்காரன்:
டீச்சர் நீங்களுமா. எங்க வீட்டுல அந்தத் தண்ணியிலதான் சோறு வைக்கோம். சரி, இவ்வளவு பேசுறவருகிட்ட நான் ஒண்ணு கேக்கேன். காயில் மாத்த வந்த ஒரு ஆளு பழைய காயில சாக்குல கட்டி தூக்கிட்டுப் போனான். அதுல உள்ள செம்பு என்ன வெல போவும்? ஒத்தப் பைசா தரல்ல. மெக்கானிக்குமாரு எல்லாம் ஒரே கூட்டம். அஞ்சு வருசம்னு எழுதுறதே அதுக்குத்தான், அஞ்சு வருசத்துக்கு ஒருக்க பழைய செம்பு கெடைக்கும்லா!

தக்கலை மெக்கானிக்:
எவனோ எடுத்ததுக்கு என்ன எதுக்கு இழுக்கீரு? உச்சிவெயில்ல தகரக் கூரையில ஏறி, துருப்புடிச்ச ஸ்டாண்டுல ஒத்தக் காலு வச்சு நிக்கிறவன் செம்புக்கு அலையல. அந்த ஸ்டாண்டு அத்து அவுட்டோர் கீழ விழுந்த வீடும் பாத்திருக்கேன். கழுவுறவரு ஸ்டாண்டு போல்ட்ட ஒரு தடவையாவது பாத்திருக்கீரா?

மஸ்கட் மக்கா:
அண்ணே, பழைய காயில் வீட்டுக்காரனுக்குள்ளது. அத முன்னமே பேசி முடிக்கணும்.

தக்கலை மெக்கானிக்:
நீ கல்ஃப்ல இரு மக்கா, நம்ம ஊரு கணக்கு ஒனக்குத் தெரியாது.

கொல்லங்கோடு டீச்சர்:
போர்டுக்கு யாரும் பதில் சொல்லல.

முட்டத்துக்காரன்:
சனிக்கெழம தண்ணியில உப்பு பாக்குற மீட்டர் எடுத்துட்டு வாரும் ஓய், கெணத்துத் தண்ணிய உம்ம முன்னாலயே அளக்கலாம். ஏசியையும் போட்டுக் காட்டுதேன். ஆனா 2011தான், அதுல ஒரு வருசம் கொறைக்க மாட்டேன்.

தக்கலை மெக்கானிக்:
வாறேன். கெணத்துத் தண்ணியா பைப்புத் தண்ணியான்னு கேட்டதுக்கு இன்னும் நேரா ஒரு வார்த்த வரல்ல, எல்லாரும் பாத்துக்கிடுங்க.